மாப்பிள்ளைக்குத் தெரியாத வேலை

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது லோகப்பிரியா ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போயிருந்தாள். அவள் புருஷன் கவின் தூங்காமல் படுத்திருந்தான். அதற்கு முன்னால் அவன் சொன்னது நினைவிருக்கும்.

"உங்கூட்டுல ஆராவது இன்னொருக்கா என்னை எதுக்கும் ஆகாதவன்னு சொன்னா, அன்னிக்கே கெளம்பிப்போடுவேன். அப்புறம் கூப்புட்டாலும் வர மாட்டேன்."

வீட்டோடு மாப்பிள்ளை சொல்கிற பேச்சு இது. காங்கயம் பக்கம் ஒரு மாமனார் இதை லேசாக எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை கிளம்பிப் போனதும் பின்னாலேயே மாடு போயிற்று, கன்று போயிற்று, கடைசியில் கிணறும் எழுந்து போய்விட்டது. போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கிணறு இருந்த இடம் இப்போது மேடாக இருக்கிறது.

பொத்தானுக்கு வருவோம். லோகப்பிரியாவின் அப்பா மோகன்குமார், காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தெய்வாத்தாள் பம்ப் சர்வீஸ் வைத்திருக்கிறவர். தோட்டங்களில் ஆழ்குழாய்க் கிணற்றுப் போர் மோட்டார் நின்றுபோனால் மேலே தூக்கிச் சரிசெய்து இறக்குவது தொழில். ஃபோன் எடுக்க ஆள் நிலைப்பதில்லை என்பதால், சாஃப்ட்வேர் படித்த மகள் ஒரு ஏ.ஐ. ஏஜென்ட்டைச் செய்து கொடுத்தாள்.

அது ஃபோன் எடுக்கும். நிதானமாக விசாரிக்கும். பேச்சில் அப்படியொரு மரியாதை. சோதனைக்கு விட்டிருந்தபோதே சூலூர்க்காரர் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு அதை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டுப் போனார்.

யாரை எந்த வேலைக்கு அனுப்புவது என்று தானே முடிவுசெய்து அனுப்புகிற அதிகாரத்தைத்தான் அந்தப் பொத்தான் அதற்குக் கொடுத்தது.

விடிந்தது. செவ்வாய்க்கிழமை.

லோகப்பிரியா நேரத்திலேயே ஆபீஸ் கிளம்பிவிட்டாள். கவின் தோசைக்கு முன்னால் உட்கார்ந்தபோது ஃபோனில் ஒரு செய்தி வந்தது.

'டைரக்டர் ஐயாவுக்கு வணக்கமுங்க. அன்னூரில் சாமியாத்தாள் அம்மாவின் கோழிப்பண்ணையில் போர் மோட்டார் நின்றுவிட்டது. ஷெட்டில் தண்ணீர் இல்லை. வெயில் ஏறுவதற்குள் தாங்கள் சென்று சரிசெய்து தரவும். லாரி இன்று கிடைக்காதுங்க.'

கவின் இரண்டு தடவை படித்தான்.

"என்னுங்க மாப்பிள்ளை ஃபோனுல?" என்றாள் மாமியார் புவனா.

"வேலைங்க அத்தை."

புவனாவின் கையில் தோசைக் கரண்டி அப்படியே நின்றது. "ஆருக்குங்க?"

"எனக்குத்தானுங்க."

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவனை யாரும் ஒரு வேலைக்குக் கூப்பிட்டதில்லை. ஆபீஸில் ஏ.சி. அறை கொடுத்தார்கள். 'டெக்னிக்கல் டைரக்டர்' என்று பித்தளையில் பலகை அடித்து வைத்தார்கள். மாப்பிள்ளையை வேலை ஏவ முடியுமா? டீ வேண்டுமா என்று மட்டும் கேட்டார்கள். டீயாகக் குடித்து அவன் நிறமே ஒரு சுற்று மாறியிருந்தது.

மோட்டார் வேலை அவனுக்குத் தெரியாது. அதை மாமியாரிடம் சொல்வதற்குப் பதில் அன்னூர் போய்விடுவது சுலபம் என்று பட்டது. மாமனாரின் புதுக் காரை எடுத்தான். சத்தி ரோட்டில் போகும்போது அவனுக்கே காரணம் தெரியாமல் விசிலடித்தான்.

*

ஆபீஸில் மெக்கானிக் செங்கோட்டையன் பெஞ்சில் படுத்திருந்தான். கோபக்காரன். ஓடாத மோட்டார் ஒன்றை ஒருமுறை திட்டினான். அது கரன்ட் இல்லாத நேரத்திலும் ஓட ஆரம்பித்தது. கரன்ட் ஆபீஸிலிருந்து வந்து பார்த்துவிட்டு, மீட்டரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

லோகப்பிரியாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"ஏனம்மணி, நான் இந்தக் கம்பெனியில இருக்கறனா, இல்லீங்களா?"

"ஏனுங்கண்ணா?"

"இன்னிக்கு எனக்கு எந்த ஊருன்னு உங்க மிஷின்கிட்டக் கேட்டனுங்க. 'வேறு ஆள் கிடைக்காத நாளில் மட்டும் தங்களைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். இன்று டைரக்டர் ஐயா கிடைத்துவிட்டார். தாங்கள் ஓய்வெடுக்கலாமுங்க'ங்குது. செருப்புல அடிச்சாக்கூட இத்தனை மரியாதையா ஆரும் அடிச்சதில்லீங்க."

"டைரக்டர் ஐயாவா?"

அவள் பையைக் கீழே வைக்கவில்லை. நின்றபடியே கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

ஏஜென்ட்டுக்குக் கம்பெனியில் இருக்கிற ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு வண்டியும் ஒரு டூல், ஒரு கருவி. அதற்கு ஆளைத் தெரியாது, முகம் தெரியாது. ஒவ்வொரு டூலுக்கும் பக்கத்தில் இரண்டு வரிக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும்: இது எதற்கு, எப்போது கூப்பிடலாம், எப்போது கூடாது. ஃபோன் வந்ததும் ஏஜென்ட் குறிப்புகளைப் படித்து, எது பொருந்துகிறதோ அதை அனுப்பும். குறிப்பில் இருப்பதுதான் அதற்கு உலகம்.

குறிப்புகளை மோகன்குமார் வாயால் சொல்லியிருந்தார். மகள் அப்படியே டைப் அடித்திருந்தாள்.

செங்கோட்டையன்: 'கோபக்காரன். வாய் ஜாஸ்தி. வேறு ஆள் கிடைக்காத நாளில் மட்டும் கூப்பிடவும்.' சொன்ன அன்று மோகன்குமாருக்கும் அவனுக்கும் சண்டை.

லாரி: 'ராசியான வண்டி. செவ்வாய்க்கிழமை எடுக்கக் கூடாது.'

கவின்: 'டெக்னிக்கல் டைரக்டர். எல்லா அதிகாரமும் உண்டு. இவருக்குத் தெரியாத வேலை இல்லை. எந்நேரமும் கூப்பிடலாம்.'

மாப்பிள்ளையைப் பற்றி மாமனார் வேறு எப்படிச் சொல்வார்? அதுவும் அவன் பெண்டாட்டியே எதிரில் உட்கார்ந்து அடிக்கும்போது. அடித்தபோது அவளுக்குத் தெரியும், அது பொய் என்று. ஏஜென்ட்டுக்குத் தெரியாது. அது அத்தனை பேரையும் படித்துப் பார்த்து, கம்பெனியிலேயே சிறந்த டூலைத் தேர்ந்தெடுத்திருந்தது.

"அப்பா," என்று உள்ளே கூப்பிட்டாள். "செவ்வாய்க்கெழமை ஏனுங்க லாரி எடுக்கக்கூடாது?"

மோகன்குமார் வந்தார். "புது போரு எறக்கறதுக்குக் கண்ணு. பழுது பார்க்க எந்தக் கெழமையும் போலாம். இது தெரியாதா?"

"எனக்குத் தெரியுமுங்க. நீங்க அதுக்குச் சொல்லலீங்களே."

லாரியின் குறிப்பைத் திருத்தினாள்: 'பழுதான மோட்டாரை மேலே தூக்கும் சங்கிலி உள்ள ஒரே வண்டி. பழுது வேலைக்கு எல்லாக் கிழமையும் எடுக்கலாம். புது போர் இறக்க மட்டும் செவ்வாய் கூடாது.' செங்கோட்டையனுடையதையும் மாற்றினாள்: 'போர் மோட்டார் தூக்க, பிரிக்க, இறக்க இவர். முதலில் இவரைக் கூப்பிடவும். கோபப்படுவார், வேலை நிற்காது.'

செங்கோட்டையன் முதுகுக்குப் பின்னால் நின்று படித்தான். "சித்த முந்தி எழுதியிருந்தா நான் இந்நேரம் அன்னூருல இருப்பனுங்க," என்று லாரிச் சாவியை எடுத்தான்.

"இருப்பா," என்றார் மோகன்குமார். "மாப்பிள்ளை போன எடத்துக்குப் பின்னாலயே இன்னொருத்தனை அனுப்புனா என்ன அர்த்தம் கண்ணு?"

"கோழி சாகாதுன்னு அர்த்தமுங்கப்பா."

செங்கோட்டையன் பதிலுக்கு நிற்கவில்லை. லாரி பஸ் ஸ்டாண்டு முக்கில் திரும்புகிற சத்தம் கேட்டது.

மோகன்குமார் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல் வரை போய் வந்தார். "மாப்பிள்ளையோட குறிப்பைத் தொட வேண்டாம் அம்மணி. அங்க எழுதறது எல்லாத்தையும் ஆபீஸ்ல பார்ப்பாங்க."

"மாத்தலைன்னா எல்லா வேலைக்கும் அவரைத்தானுங்க அனுப்பும்."

"மேற்பார்வைக்கு மட்டும்னு போட்டுடு."

"எல்லா வேலைக்கும் மேற்பார்வைக்கு அனுப்பும்."

"முக்கியமான வேலைக்கு மட்டும்னு?"

"முக்கியம் எதுன்னு அதுக்கு எப்படிங்கப்பா தெரியும்? ஃபோன் பண்றவங்க அத்தனை பேரும் முக்கியம்னுதான் சொல்றாங்க."

மோகன்குமார் விடவில்லை. "சூழ்நிலைக்கேற்ப?"

"அப்பா."

"சரி, சரி."

*

அன்னூரில் சாமியாத்தாள் பண்ணை கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள். கார் வந்து நின்றது. அவள் காருக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தாள்.

"லாரி எங்கீங்க?"

"இன்னிக்குச் செவ்வாய்க்கெழமைங்க."

"கோழிக்கு அது தெரியாதுங்களே." அவன் ஷூவைப் பார்த்தாள். "மெக்கானிக்கு?"

"நான்தானுங்க."

அவனைப் போருக்குக் கூட்டிப்போனாள். அது ஆயிரத்து நானூறு அடி. தோண்டியபோது அடியில் யாரோ பேசுகிற சத்தம் கேட்டதாகவும், அது நம் பாஷை இல்லை என்றும் அன்னூரில் சொல்வார்கள்.

கவின் குனிந்து போருக்குள் பார்த்தான். கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தான்.

"என்னுங்க தெரியுது?"

"இருட்டா இருக்குதுங்க."

"எங்களுக்கும் அப்படித்தானுங்க தெரிஞ்சுது."

மோட்டார் ஸ்விட்சு இருக்கிற பேனல் பெட்டியைத் திறந்தான். உள்ளே நிறைய வயர் இருந்தது. மூடினான்.

ஷெட்டுக்குள் கோழிகள் வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தன. பிராய்லர் கோழி பண்ணையில் முட்டை இடாது. அன்றைக்கு இட்டிருந்தால் அவித்த முட்டையாகத்தான் இட்டிருக்கும். மேலே தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது.

"தம்பி, உங்களுக்கு இந்த வேலை தெரியுமா தெரியாதா? ஒண்ணு சொல்லிப்போடுங்க. நான் வேற ஆளப் பார்க்கறேன்."

தெரியாது என்கிற வார்த்தையை அவன் கடைசிவரை சொல்லவில்லை. "பக்கத்துல தண்ணி எங்க கெடைக்குமுங்க?" என்று கேட்டான்.

"அக்கட்டால தோட்டத்துல தொட்டி நெறைய இருக்குது. கேட்டாக் குடுப்பாங்க. தூக்கறதுக்குத்தான் ஆளில்லை."

கவின் ஷூவைக் கழற்றினான். காரின் டிக்கியைத் திறந்தான். பண்ணையில் கிடந்த கேன்களை அடுக்கினான். அடுக்கி மிஞ்சியதைப் பின் சீட்டில் வைத்தான். சீட்டில் கம்பெனி பாலிதீன் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்கும் ஷெட்டுக்குமாக மாமனார் கார் ஓட ஆரம்பித்தது. அவன் ஏணியில் ஏறிக் கேனைத் தொட்டியில் கவிழ்ப்பான். சாமியாத்தாள் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வாள்.

"சட்டை வீணாப் போச்சுங்க."

"போகுட்டுமுங்க."

"இப்படி வேலை செய்யறவரை ஆருங்க டைரக்டருன்னு உக்காத்தி வெச்சது?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டுக்கு வந்தபிறகு சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கலாம். நான் எண்ணிப் பார்க்கவில்லை.

*

லோகப்பிரியா அவன் குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தாள். அவனே திரும்பி வந்ததும், பக்கத்தில் உட்கார வைத்து, பதமாகப் பேசி எழுதலாம் என்று நினைத்தாள்.

அப்போது திரையில் புது வேலை விழுந்தது.

'தொண்டாமுத்தூர். தென்னந்தோப்பில் யானை பேனல் பெட்டியை மிதித்துவிட்டதுங்க. யானை இன்னும் அங்கேயே நிற்கிறது. அன்னூர் முடிந்ததும் டைரக்டர் ஐயாவை அனுப்புகிறேன். அவருக்குத் தெரியாத வேலை இல்லை.'

அவனை அவளுக்குத் தெரியும். அவன் போவான். யானையிடம்கூடத் தெரியாது என்று சொல்லமாட்டான்.

பழைய வரியை அழித்தாள். விரல்கள் தாமாக ஓடின.

'கவின். மோட்டார் வேலை தெரியாது. பைப், கேபிள், பேனல் எதுவும் தெரியாது. கேட்டால் தெரியும் என்பார். நம்பி அனுப்ப வேண்டாம். தோட்டத்து வேலை எதற்கும் எந்த நாளும் கூப்பிடக் கூடாது.'

குறிப்பு என்றால் அதுதான் குறிப்பு. எங்கும் இடறாது. ஒரு பெண்டாட்டியால்தான் அவ்வளவு திருத்தமாக எழுத முடியும். எதற்குக் கூப்பிடலாம் என்று ஒரு வரி எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று தோன்றவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று சேமித்தாள்.

அவன் திரும்பி வருவதற்குள் ஏஜென்ட் மட்டும்தானே இதைப் படிக்கப்போகிறது என்று நினைத்தாள். படித்தது. படித்துவிட்டு, மரியாதை தெரிந்த பிள்ளையாக, சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் சொல்ல ஃபோன் செய்தது.

கவின் ஏணியில் நின்றிருந்தான். கையெல்லாம் ஈரம். பாக்கெட்டில் அடித்த ஃபோனை ஒரு விரலால் அழுத்த, ஸ்பீக்கரில் விழுந்தது.

"டைரக்டர் ஐயாங்களா? சிரமத்துக்கு மன்னிக்கோணுமுங்க. தாங்கள் திரும்பி வந்துவிடலாமுங்க."

"ஏன்?"

"தங்களுக்கு மோட்டார் வேலை தெரியாதுங்க. பைப், கேபிள், பேனல் எதுவும் தெரியாதுங்க. கேட்டால் தெரியும் என்பீர்கள், நம்பி அனுப்ப வேண்டாம் என்று இப்போது குறிப்பு வந்திருக்குதுங்க."

கவின் கேனைத் தொட்டி விளிம்பில் வைத்தான். "ஆரு எழுதுனது?"

"லோகப்பிரியா அம்மணிங்க. தங்களுக்கு வேறு ஏதாவது உதவி தேவைங்களா?"

அவன் அழைப்பைத் துண்டித்தான். கீழே சாமியாத்தாள் ஏணியை விடாமல் பிடித்திருந்தாள்.

"உங்களை நல்லாத் தெரிஞ்சவங்க போலிருக்குது," என்றாள்.

"சம்சாரமுங்க."

சாமியாத்தாள் ஷெட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தோணுமுங்க தம்பி," என்றாள்.

கவின் கேனைக் கவிழ்த்தான். இறங்கி அடுத்ததை எடுக்கப் போனான்.

*

பொழுது சாய்கிற நேரத்துக்கு லாரி திரும்பி வந்தது. அதன்மேல், சங்கிலியில் கட்டி ஏற்றப்பட்டு, மோகன்குமாரின் புதுக் கார் உட்கார்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்ற ஜனம் கல்யாண ஊர்வலம் என்று நினைத்து வழி விட்டது.

லோகப்பிரியா படி இறங்கி ஓடினாள். "மோட்டாரு?"

"ஓடுதுங்க," என்றான் செங்கோட்டையன்.

"கோழி?"

"ஒண்ணு ரெண்டு போச்சு. மத்தது பூரா இருக்குதுங்க. நான் போறதுக்குள்ள அவரு தொட்டியை ரொப்பி வெச்சுட்டாரு."

"அவரு எங்கீங்கண்ணா?"

செங்கோட்டையன் கார் சாவியை அவள் கையில் வைத்தான். "இதைக் குடுத்தாருங்க. ரோட்டுப்பக்கம் நடந்து போனாரு. ஒண்ணும் சொல்லலீங்க."

"நீங்க கேக்கலீங்களா?"

"நான் கோபக்காரனுங்க. எங்கிட்ட ஆரு சொல்லுவாங்க?" என்று சொல்லிவிட்டு, பிறகு மெதுவாகச் சேர்த்தான். "எனக்கு லாரிதானுங்க ஓட்டத் தெரியும், கார் தெரியாதுங்க அம்மணி. அதையும் எழுதிக்கோங்க."

கவினின் ஃபோன் அணைந்தே கிடந்தது. மோகன்குமார் ஆபீஸுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நடந்த நடைக்கு ரோட்டில் போயிருந்தால் அவிநாசி தாண்டியிருப்பார். புவனா வீட்டிலிருந்து கூப்பிட்டு, மாப்பிள்ளைக்கு ராத்திரி சப்பாத்தியா சோறா என்று கேட்டாள். மோகன்குமார் ஃபோனை மகளிடம் நீட்டுவதற்குள் புவனாவே இரண்டும் செய்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

லோகப்பிரியா கம்ப்யூட்டருக்கு வந்தாள். அந்த வரியை இப்போதே எடுத்துவிட வேண்டும். நல்லதாக ஏதாவது எழுத வேண்டும்.

செங்கோட்டையன் இருந்தான். லாரி இருந்தது. சங்கிலி, பைப் வண்டி, ஸ்டோர் ஆள், எல்லாம் இருந்தன. கவின் இல்லை. மேலும் கீழும் தேடினாள். மாற்றங்களின் வரிசையைத் திறந்தாள். பகல் நேரத்தில் ஒரு டூல் நீக்கப்பட்டிருந்தது. நீக்கியவர்: டெக்னிக்கல் டைரக்டர், தன் ஃபோனிலிருந்து.

அந்த அதிகாரத்தையும் அப்பாதான் கொடுத்திருந்தார்.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தபோது கம்பெனி ஃபோன் அடித்தது. வழக்கம்போல் ஏஜென்ட் எடுத்தது. குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"வணக்கமுங்க. தெய்வாத்தாள் பம்ப் சர்வீசுங்க. என்ன உதவி வேணுமுங்க?"

"சாமியாத்தாள் பேசறேன், அன்னூர்ல இருந்து. உங்க டைரக்டரு கவின் ஊட்டுக்கு ஒரு சேதி சொல்லோணும்."

"மன்னிக்கோணுமுங்க. அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லைங்க."

"காத்தால வந்தாருங்களே."

"அப்படி யாரும் எங்கள் குறிப்பில் இல்லைங்க, அம்மா."

அந்தப் பக்கம் பின்னால் கோழிச் சத்தம் கேட்டது.

"அப்படீங்களா," என்றாள் சாமியாத்தாள். "அப்ப ரோடு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, எங்கூட்டுல உக்காந்து ரெண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்புட்டுக்கிட்டு, 'இங்கயே கோழியைப் பார்த்துக்கட்டுங்களா'ன்னு கேக்கறது ஆருங்க?"

ஏஜென்ட் பதில் தேடுவதற்குள் லோகப்பிரியா அழைப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எங்கூட்டுக்காரருங்கம்மா. அவர்கிட்டக் குடுங்க. ஒரு வார்த்தை பேசோணும்."

"அந்தக் குறிப்பு எழுதுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"சித்த இருங்க."

செருப்புச் சத்தம் தூரமாகப் போயிற்று. ஏதோ பேச்சு நடந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. மோகன்குமார் நடப்பதை நிறுத்திவிட்டு வந்து மகளின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"அவரு இங்க இல்லைன்னு சொல்லச் சொல்றாருங்க."